நான் கேட்காத பதினோரு கடன்கள்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு மாமனார் எழுதிக்கொண்டது.

பொருள்: என் பெயரில் நடந்திருக்கும் பதினோரு கடன் விசாரணைகள் – எனக்குச் சம்பந்தமில்லை எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசியில் தாங்கள் மூன்று முறை சொன்ன "பரவாயில்லை மாமா".

இங்கு நானும் தங்கள் அத்தையும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதியிருக்கிறேன். முழங்கால், தூக்கம், மானம் ஆகிய மூன்றையும் கழித்துவிட்டுப் படித்துக்கொள்ளவும். வேலை பார்க்கும் ஊரில் தாங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, விடுதி அறையில் மின்விசிறியைச் சரிசெய்து கொடுத்தார்களா என்று அத்தை கேட்கச் சொன்னார். தங்கள் மனைவி, அதாவது எங்கள் பாப்பா, எங்களோடு சுகமாக இருக்கிறாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் சொல்ல வேண்டியதை அவள் அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொல்லி, நான் சொல்லும் பதில் அதே வழியாகத் திரும்பிப் போகிறது.

இதைத் தொலைபேசியில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், பேசினால் தாங்கள் மறுபடியும் பரவாயில்லை என்று சொல்லிவிடுவீர்கள். அந்தச் சொல்லுக்கு மேல் எதையும் பேச முடிவதில்லை. ஆகவே எழுத்து மூலம்.

திங்கட்கிழமை வங்கியில் நடந்தது தங்களுக்குத் தெரியும், என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தீர்கள். ஆனாலும் நடந்ததை வரிசைப்படி சொல்லாமல் விளக்கம் கொடுப்பது என் பழக்கம் இல்லை. நீங்களும் பாப்பாவும் வாங்க நினைக்கும் இரண்டு அறை வீட்டுக்குக் கடன். தங்கள் சம்பளம் மட்டும் போதாது, ஓய்வூதியம் வாங்குகிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். மாமனார் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்று நானே முன்வந்து, இஸ்திரி போட்ட சட்டையும் இரண்டு பேனாவுமாக வந்து உட்கார்ந்தேன். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருந்த அந்தக் கடன் பிரிவு அதிகாரி அம்மாள் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடியும் கணினியைப் பார்த்தார். "சார், உங்களுக்கு அப்படி என்ன அவசரம்?" என்றார். எனக்கு ஒரு அவசரமும் இல்லை அம்மா, நிதானமாகப் பாருங்கள் என்றேன். "அதில்ல சார். மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரே வாரத்துல பதினோரு இடத்துல கடன் கேட்டிருக்கீங்க" என்றவர், அதோடு விட்டிருக்கலாம், ஒவ்வொன்றாக வாசித்தார். மோட்டார் சைக்கிள். டிரெட்மில். கூரைமேல் சூரிய மின்தகடு. மசாஜ் நாற்காலி. பல் கட்டுவதற்கு. கறவை மாடு இரண்டு. அந்த இடத்தில் நிறுத்தி, "ஒரு சந்தேகம் சார், மாட்டை எங்க கட்டுவீங்க? மூணாவது மாடின்னு போட்டிருக்கே" என்று கேட்டார். அப்போது தாங்கள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். அதில் போன மாதத் தாள்தான் இருந்தது. அதையே ஆறு நிமிடம் பார்த்தீர்கள்.

அதிகாரி அம்மாள் விளக்கியது தங்களுக்குக் காதில் விழுந்திருக்காது, ஆகவே சொல்கிறேன். நாம் எங்காவது கடன் கேட்டு விண்ணப்பித்தால் அந்தக் கம்பெனி நம் பழைய கடன் நடத்தையை எடுத்துப் பார்க்கும். எடுத்துப் பார்த்ததே ஒரு தழும்பாகப் பதிவாகிவிடும். ஒன்று இரண்டு இருந்தால் தவறில்லை, ஒரே வாரத்தில் பதினொன்று இருந்தால் இந்த மனிதர் எங்கோ மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். எழுநூற்று எண்பத்தொன்று இருந்த என் கடன் மதிப்பெண் அறுநூற்று நாற்பத்தாறுக்கு வந்திருக்கிறது. எழுநூற்றுக்குக் கீழே இருப்பவர் ஜாமீன் போட முடியாது. வீட்டை விற்பவர் முன்பணத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்தாம் தேதி வரைதான் காத்திருப்பார். பள்ளியில் நான் மதிப்பெண் குறைந்து ஒருநாளும் எழுந்து நின்றதில்லை மாப்பிள்ளை. அறுபத்து நான்காம் வயதில், சம்பந்தம் செய்த மாப்பிள்ளை முன்னால், மாட்டால் எழுந்து நின்றேன்.

மூழ்குகிற ஆளா நான்? முப்பத்து நான்கு வருடம் விண்ணப்பப் பரிசீலனைப் பிரிவில் இருந்தவன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரியின் சொந்தத் தம்பி விண்ணப்பமானாலும் திருப்பி அனுப்பியவன். அலுவலகத்தில் எனக்குக் 'கட்டம்' என்றே பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்கள் நினைத்தார்கள். அப்படிப்பட்டவன் பெயரில் எவனோ பதினோரு விண்ணப்பம் போட்டிருக்கிறான். மேலும், அந்த வாரம் நான் எங்குமே போகவில்லை என்பதற்கு என் நாட்குறிப்பே சாட்சி. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு தொழில் மற்றும் வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சிக்குப் போய், அவர் தையல் இயந்திரங்களைப் பார்த்து முடிக்கும்வரை இரண்டு மணி நேரம் அந்தக் கூடத்தைச் சுற்றியதில் முழங்கால் வீங்கி, திங்கள் முதல் சனி வரை படுக்கை. வந்ததெல்லாம் தொலைபேசி அழைப்புகள்தான். அது வேண்டுமா இது வேண்டுமா என்று நாற்பது பேர் கேட்டார்கள். நாற்பது பேரிடமும் வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். படுத்த படுக்கையாய்க் கிடந்தவன் எப்படிப் பதினோரு இடத்துக்குப் போயிருக்க முடியும்?

வீட்டுக்கு வந்ததும் அத்தை விசாரணையைத் தொடங்கினார். வங்கியில் நடந்தது விசாரணையே இல்லை. "டிரெட்மில் எதுக்கு? முக்குக் கடைக்குப் போய்ட்டு வாங்கன்னாலே முழங்கால் வலிக்குதுங்கிறீங்க."

"நான் கேட்கவில்லை."

"மோட்டார் சைக்கிள்ல யாரை உட்கார வெச்சு ஓட்டறதா உத்தேசம்?"

"நான் கேட்கவே இல்லை என்கிறேன்."

"பல்லு கட்டறது மட்டும் நியாயம். அதைக் கேட்டிருந்தா ஒத்துக்கோங்க, தப்பில்ல."

சந்தேகம் முதலில் அத்தையின் தம்பி மேல்தான் போனது. எந்தப் பொருளையும் பாதி விலைக்குக் கொண்டுவந்து மீதி வேலையை நம் தலையில் கட்டுவதால் நாங்கள் 'தள்ளுபடி' என்று கூப்பிடுவோமே, அவர்தான். போன வருடம் சிம் கார்டு வாங்க என் அடையாள அட்டை நகலைக் கேட்டு வாங்கிப் போனவர். செவ்வாய்க்கிழமை காலை அவரை வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, எழுதிவைத்திருந்த ஒன்பது கேள்விகளை வாசித்தேன். நாலாவது கேள்வியிலேயே உள்ளே குரல் கொடுத்துவிட்டார். "அக்கா! அத்தான் என்னைத் திருடன்னு சொல்றாரு!"

"இன்னும் சொல்லவில்லை. அது ஏழாவது கேள்வியில் வருகிறது" என்றேன்.

"அத்தான், ஒண்ணு சொல்லட்டுமா? உங்க பேர்ல கடன் கேக்கறவனுக்கு என்ன கிடைக்கும்? கம்பெனிக்காரன் உங்களுக்குப் போன் பண்ணுவான், நீங்க அவனுக்கு அரை மணி நேரம் விதிமுறை சொல்லுவீங்க, அவனே வேலையை விட்டுட்டுப் போயிடுவான். நான் திருடணும்னா இதைவிட சுலபமான ஆளைப் பார்க்க மாட்டேனா?" என்றார். அத்தை உள்ளேயிருந்து சிரித்தார். அக்காவும் தம்பியும் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டில் நான் விருந்தாளி. அன்று மாலைதான் தாங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். முதல் பரவாயில்லை சாதாரணமாக இருந்தது. இரண்டாவதில் ஒரு பெருமூச்சு இருந்தது. மூன்றாவதை, முடிந்துபோன ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். "நான் வேற வழி பார்த்துக்கறேன் மாமா" என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். அந்த வேறு வழி எது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கும் தகுதி அறுநூற்று நாற்பத்தாறு.

புதன்கிழமை, கம்பெனிகளுக்கே நேரில் போய் எவன் கையெழுத்துப் போட்டான் என்று பார்த்துவிடுவது எனத் தீர்மானித்தேன். வெயில் கடுமையாக இருந்ததால் குடையை எடுத்துக்கொண்டேன். மோட்டார் சைக்கிள் கடையில் விற்பனையாளர் எழுந்து வரவேற்று, என் குடையைப் பார்த்து, "அட, நம்ம கம்பெனி குடை!" என்று சந்தோஷப்பட்டார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் "இருங்க சார், பார்த்துடலாம்" என்று என் கைப்பேசி எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்டுக் கணினியில் தட்டினார். பிறகு கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் கேட்டார், அதையும் சொன்னேன். "ஆமா சார், உங்க பேர்ல விசாரணை இருக்கு" என்றார். அது எனக்கே தெரியும், யார் கேட்டது என்றேன். "அது தலைமை அலுவலகத்துல இருக்கும் சார்." அங்கிருந்து மசாஜ் நாற்காலிக் கடை, அங்கேயும் ஒரு தட்டு. அங்கிருந்து மாட்டுக் கடன் கொடுக்கும் அலுவலகம். அங்கே இருந்தவர் என் தோளில் தொங்கிய துணிப்பையில் இருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்து, பழைய வாடிக்கையாளரா என்று விசாரித்து, அவரும் தட்டினார். திரும்பி வந்து பாப்பாவின் கைப்பேசியில் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், பதினொன்று இருந்த இடத்தில் பதினான்கு. யார் என்று பார்க்க அவர்கள் தட்டிய ஒவ்வொரு தட்டும் புதிதாக ஒரு விசாரணை. அத்தை தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "காலையில பதினொண்ணு. நீங்க போய்த் துப்பு துலக்கினதுல பதினாலு. சாயங்காலம் வெளியே போகாதீங்க."

வியாழக்கிழமை காவல் நிலையம். அங்கே எழுத்தர் நல்ல முறையில்தான் பேசினார். எவ்வளவு பணம் போச்சு என்றார். பணம் போகவில்லை என்றேன். "அப்ப உங்க பேர்ல எவ்வளவு கடன் வாங்கியிருக்காங்க?" வாங்கவில்லை, கேட்டிருக்கிறார்கள். "கொடுத்தாங்களா?" கொடுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பெரியவரே, அப்ப என்னதான் போச்சு?" மரியாதை என்றேன். அவர் கொஞ்ச நேரம் அலமாரியைப் பார்த்தார். "அதுக்கு இங்க ஃபாரம் இல்லையே" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

மதிப்பெண் போடும் நிறுவனத்துக்கே முறையீடு செய்யலாம் என்று அவர்தான் சொன்னார். பிற்பகலில் பாப்பா படிவத்தைத் திறந்து கொடுத்தாள், அதையும் அம்மா வழியாகத்தான் கொடுத்தாள். கம்பெனிக்காரர்கள் உங்கள் சம்மதத்துக்கு ஆதாரம் காட்டாவிட்டால் விசாரணைப் பதிவை நீக்குவோம், முப்பது நாள் ஆகும் என்று போட்டிருந்தது. இருபத்தைந்தாம் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. இருந்தாலும் நம் பக்கம் குறை இருக்கக் கூடாது என்று இருபத்தாறு கட்டங்களையும் நிரப்பினேன். இருபத்தாறாவது கட்டத்தில், எங்கள் கூட்டாளி நிறுவனங்களின் கடன் சலுகைகளுக்கு உங்கள் தகுதியைப் பார்க்கலாமா, ஆம் அல்லது இல்லை, இல்லை என்றால் காரணம் எழுதவும் என்று இருந்தது. இல்லை என்றுதான் போடப் போனேன். ஆனால் காரணத்துக்கு விட்டிருந்த இடத்தில் ஓர் எறும்பு கால் நீட்டிப் படுக்க முடியாது. அரைகுறைக் காரணம் எழுதிய படிவம் குறையுள்ள படிவம். ஆகவே ஆம் என்று குறித்து அனுப்பினேன். இன்று காலை பார்த்தால் பதினைந்து. இது எப்படி என்பது எனக்கு இந்த நிமிடம் வரை விளங்கவில்லை. நம் முறையீட்டைக் கண்டு அந்தக் கூட்டம் ஆத்திரப்பட்டுப் பழிவாங்குகிறது என்றே நினைக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, சுருக்கமாகச் சொல்கிறேன். நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எனக்கு மாடு வேண்டாம். கொடுத்தாலும் வேண்டாம். உங்களுக்கும் பாப்பாவுக்கும் தெரியாமல் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை, மறைக்க ஒரு கடனும் இல்லை, போன மாதம் அத்தையிடம் வாங்கிய நூறைத் தவிர, அதுவும் சில்லறை மாற்றத்தான். எவனோ படித்த, திட்டமிட்டுச் செயல்படும், என் கையெழுத்து முதற்கொண்டு எல்லாம் தெரிந்த ஒரு பெரிய மோசடிக்காரன் இதன் பின்னால் இருக்கிறான். அவன் யார் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். அதுவரை நீங்க வேற வழி எதுவும் பார்க்க வேண்டாம். எனக்காக இல்லை. ஜாமீன்னு ஒருத்தர் தேவைப்பட்டப்போ மாமனார் உதவலைன்னு நாளைக்கு அந்த வீட்டுச் சுவர் ஒவ்வொண்ணும் சொல்லும். அந்த வீட்டுக்கு வந்து ஒரு தம்ளர் தண்ணி குடிக்கவும் எனக்குக் கூச்சமா இருக்கும்.

தாங்கள் நீண்ட ஆயுளும், நிறைந்த வருமானமும், எழுநூற்று ஐம்பதுக்குக் குறையாத மதிப்பெண்ணும் பெற்று வாழ என் ஆசிகள். அறையின் மின்விசிறி பற்றித் தவறாமல் தெரியப்படுத்தவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
(ஒப்பம்)
வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40

பின்குறிப்பு (சனிக்கிழமை, பகல் 1.15): மேலே கண்டவற்றைத் தாங்கள் படித்திருப்பீர்கள். அவற்றில் மின்விசிறி நீங்கலாக மற்ற எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று மாலை இந்தக் கடிதத்துக்கு உறை தேடி அத்தை என் அலமாரியைத் திறந்தார். 'பலவகை' என்று நான் பெயரிட்டிருந்த கோப்பு கீழே விழுந்தது. அதிலிருந்து பதினோரு நகல்கள் வெளியே வந்தன. தேதி ஒன்றே, கண்காட்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை. கடை எண் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. கையெழுத்து என்னுடையது, நல்ல தெளிவாகவும் இருந்தது. அவை கருத்துப் படிவங்கள் மாப்பிள்ளை. கடைக்குக் கடை, எங்கள் சேவை எப்படி என்று கருத்துக் கேட்டார்கள். நிரப்பிக் கொடுத்தால் குடை, பை, தண்ணீர் பாட்டில், தொப்பி என்று ஏதோ ஒன்று கொடுத்தார்கள். எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது, நல்ல பேனாவும் இருந்தது. அவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும் என்றார்கள். நான்தான் அடையாள அட்டை நகலில் சுயசான்றொப்பம் செய்து இணைத்தேன். கடைசிக் கட்டம் பதினொன்றிலும் ஒன்றே: எங்கள் பொருளைக் கடனில் பெற உங்கள் தகுதியைச் சரிபார்க்கச் சம்மதமா, இல்லை என்றால் காரணம் எழுதவும். காரணத்துக்கு விட்ட இடம் பதினொன்றிலும் போதாது.

தள்ளுபடிக்கு இன்று காலை நேரில் வருத்தம் தெரிவித்தேன். எழுத்தில் வேண்டும் என்கிறார்.

அடுத்தது. அத்தை இன்று காலை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, தையல் வருமானத்துக்குக் கட்டிய வரி ரசீதுகளை ஒரு தலையணை உறையில் போட்டுக்கொண்டு, வங்கிக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன், பேனாவோடு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தையல் இயந்திரத்துக்குக் கடன் வாங்கிப் பதினெட்டுத் தவணையும் நாள் தவறாமல் கட்டியதைத் தவிர அவர் வாழ்க்கையில் எந்தப் படிவத்தையும் தொட்டதில்லை. அதிகாரி அம்மாள் கணினியைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கவே இல்லை. எண்ணூற்று நான்கு. "அம்மா, நீங்க முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்றார். தங்கள் பக்கங்களில் தாங்கள் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டதால், ஜாமீன் பக்கங்களை மட்டும் மாற்றினால் போதுமாம். ஏழு பக்கம். முப்பத்தொன்பது கட்டம். அத்தை கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கீழே ஒரே ஒரு கையெழுத்தைப் போட்டு, அப்படியே தள்ளி வைத்தார். அம்மா, முப்பத்தெட்டு காலியாக இருக்கிறது என்று அதிகாரியிடம் சுட்டிக்காட்டினேன். "பரவாயில்ல சார், அதையெல்லாம் நானே போட்டுக்கறேன்" என்றார். முப்பத்து நான்கு வருடம் நான் ஒருவருக்கும் சொல்லாத வாக்கியம் அது.

அந்தப் பரவாயில்லையில் பெருமூச்சு ஏதும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கிழித்துப் போட்டுவிட்டு வேறு கடிதம் எழுதியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். ஒப்பமிட்டு நேரமும் குறித்த ஒரு தாளை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. இனி எழுதுவதற்கு இடமும் இல்லை. முறையீட்டைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள், பதினெட்டுக் கட்டம், அதன் கடைசிக் கட்டத்தில்

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறேன். பேனாவை வாங்கிட்டேன். பாப்பா போன்ல எல்லாம் சொல்லியிருப்பா, வீடு வாங்கற வேலையைப் பாருங்க. உங்க மாமா நாலு நாளா சரியா சாப்பிடலை. கடனை நினைச்சு இல்லை, நீங்க சொன்ன அந்த வார்த்தையை நினைச்சு. ஒரு போன் பண்ணி, ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம் மாமான்னு ஏதாவது கேளுங்க. அரை மணி நேரம் பேசுவாரு. குறுக்க பேசாம கேட்டுக்கோங்க.